காலணியும் அரியணையும்

மரியாதை காட்டக் கீழைநாட்டார் செருப்பைக் கழற்றுவார்கள், மேலைநாட்டார் தொப்பியைக் கழற்றுவார்கள். ஒருவர் வழக்கம் மற்றவருக்குப் புரியாததால்தான் அந்தக் காலத்தில் அத்தனை சச்சரவு என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு பர்மாவை உலுக்கிய காலணிப் பிரச்சினையை ஊன்றிப் பார்த்தால் இந்த விளக்கம் நிற்காது. அங்கே இரு தரப்புக்கும் மற்றவர் வழக்கம் நன்றாகவே தெரியும். யாருக்கு யார் பணிவது என்பதில்தான் தகராறு.

1795-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் தூதராகப் பர்மியத் தலைநகர் அமரபுரா போன மைக்கேல் சைம்ஸ் காலணியைக் கழற்றிவிட்டுத்தான் அரசவைக்குள் நுழைந்தார். அறுபது ஆண்டு கழித்து, 1855-இல், ஆர்தர் பேயரும் அவருடைய செயலாளராக வந்த ஹென்றி யூலும் அப்படியே செய்தார்கள். கழற்றியதோடு விடவில்லை. தரையில் உட்கார வேண்டும். உள்ளங்கால் மன்னர் பக்கம் திரும்பிவிடாமல் கால்களைப் பின்னுக்கு மடக்கி வைத்துக்கொள்ள வேண்டும். நாற்காலிக்குப் பழகிய உடம்புக்கு அது வேதனைதான். ஆனாலும் பொறுத்துக்கொண்டார்கள், ஏனென்றால் மிண்டோன் மன்னரை நேரில் பார்த்துப் பேச வேறு வழியில்லை. 1875-இல் வந்த டக்ளஸ் ஃபோர்சைத்தும் காலணியைக் கழற்றினார். அவர் திரும்பிய பிறகுதான் இந்திய அரசு, இனி எந்தப் பிரிட்டிஷ் பிரதிநிதியும் கழற்றக் கூடாது என்று உத்தரவிட்டது. எண்பது ஆண்டு தாங்கிக்கொண்ட வழக்கம் திடீரென்று தாங்க முடியாததாகிவிட்டது எப்படி? கீழ்ப் பர்மா 1852 போரிலேயே ஆங்கிலேயர் கைக்குப் போயிருந்தது. ஐராவதியில் அவர்களுடைய நீராவிக் கப்பல்கள் ஓடின. மன்னரின் தயவு முன்போல் தேவைப்படவில்லை.

சாக்ஸோடு நிற்பது விக்டோரியா காலத்து ஆங்கிலேயனுக்கு உண்மையிலேயே அவமானம், அதைப் பாசாங்கு என்று தள்ளலாமா என்று கேட்கலாம். தள்ள முடியாது, அந்தக் கூச்சம் மெய்யானது. ஆனால் அதே ஆண்டுகளில் இந்தியாவில் அதே அரசு என்ன செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். அதிகாரிகளின் முன்னும் நீதிமன்றத்திலும் இந்தியர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வர வேண்டும் என்று அது எதிர்பார்த்தது. காரணம் கேட்டால், அது உங்கள் வழக்கம்தானே என்ற பதில். 1854-இல் ஐரோப்பிய பாணிக் காலணி அணிந்த வங்காளக் கனவான்களுக்கு ஒரு விலக்கு கிடைத்தது. அதன் பிறகும் 1862-இல் சூரத் நீதிமன்றத்துக்கு ஐரோப்பியக் காலணியோடு வந்த பார்சி ஒருவர் அதைக் கழற்றச் சொன்னதை எதிர்த்துப் போராட வேண்டியிருந்தது. பர்மாவின் பின்னாளைய தலைநகரான மாண்டலேயில் ‘எங்கள் வழக்கம்’, சூரத்தில் ‘உங்கள் வழக்கம்’. இரண்டு இடத்திலும் பணிய வேண்டியவர் ஆசியர்.

பர்மிய அரசவையும் குற்றமற்றதல்ல. தூதர்களை மண்டபத்துக்கு வெகு முன்பே காலணியைக் கழற்றச் சொல்லி வெறுங்காலோடு நடக்க விட்டதில், மன்னரின் மேன்மையை நிலைநாட்டும் நோக்கம் வெளிப்படையாகவே இருந்தது. இதனால் என் வாதம் வலுவடைகிறதே தவிரத் தளரவில்லை. ஒருவர் பணிவை இன்னொருவர் அளந்து பார்க்கும் கோலாகவே இரு அரசுகளும் காலணியைப் பயன்படுத்தின.

இந்தப் பிடிவாதத்தின் விலை பெரிது. மிண்டோன் விட்டுக்கொடுக்கவில்லை. மாண்டலேயில் இருந்த பிரிட்டிஷ் பிரதிநிதி அதன் பிறகு மன்னரின் முகத்தையே பார்க்கவில்லை. 1878-இல் மிண்டோன் இறந்து தீபா பட்டத்துக்கு வந்தார். மறு ஆண்டே அங்கிருந்த பிரிட்டிஷ் பிரதிநிதியும் திரும்ப அழைத்துக்கொள்ளப்பட்டார். மன்னராட்சியை முடித்த 1885 ஆங்கில-பர்மியப் போருக்குத் தேக்கு வணிகமும் பிரெஞ்சுக்காரர் மீதான அச்சமுமே காரணங்கள், காலணி அல்ல. என்றாலும் நெருக்கடி முற்றியபோது நேருக்கு நேர் பேசித் தீர்க்கும் வழி ஏற்கெனவே அடைபட்டுக் கிடந்தது.

மன்னராட்சி போன பிறகு பிரச்சினை பகோடாக்களுக்கு நகர்ந்தது. பர்மியர் வெறுங்காலோடு வணங்கும் தளங்களில் ஐரோப்பியர் பூட்ஸோடு நடந்தார்கள். 1916 முதல் இளம் பௌத்தர் சங்கத்தினர் இதை எதிர்த்துக் கூட்டங்கள் போட்டார்கள். பௌத்தத் துறவி லெடி சயாடோ தனி நூலே எழுதினார். 1919 அக்டோபரில் மாண்டலேயின் பகோடா ஒன்றில் காலணியோடு நுழைந்த ஐரோப்பியரைப் பிக்குகள் தாக்கினார்கள். அந்தப் பிக்குகளில் ஒருவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. கடைசியில் அரசு இறங்கிவந்து, முடிவை அந்தந்தப் பகோடாவின் பொறுப்பாளர்களிடமே விட்டது. அதற்குப் பிறகு ரங்கூனில் குடியிருந்த ஐரோப்பியர் பலர், காலணியைக் கழற்றுவதற்குப் பதிலாக அங்குள்ள ஷ்வேடகோன் பகோடாவுக்குப் போவதையே நிறுத்திக்கொண்டார்கள்.