அளவீடும் அதிகாரமும்: அணுப்பொருட் கண்காணிப்பின் வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

விஞ்ஞான வரலாற்றைக் கருவிகளின் வரலாறாக மட்டும் நோக்குதல் போதாது. கருவி யாருடைய கையில் உள்ளது, எதனை அளக்க அது அனுமதிக்கப்படுகின்றது என்பனவும் வரலாற்றுக்குரிய வினாக்களே. அணுப்பொருட் கண்காணிப்பை இந்நோக்கிலேயே நாம் இங்கு அணுகுகின்றோம்.

1957இல் நிறுவப்பெற்ற சர்வதேச அணுசக்தி முகவரகம், அரசுகள் அறிவித்த கணக்குகளைச் சரிபார்ப்பதையே நெடுங்காலம் பிரதான பணியாகக் கொண்டிருந்தது. 1991இல், வளைகுடா யுத்தத்தின் பின்னர், ஈராக்கின் அறிவிக்கப்படாத யுரேனியச் செறிவூட்டல் முயற்சி வெளிப்பட்டபோது இம்முறையின் போதாமை புலனாயிற்று. கணக்கேட்டில் எழுதப்படாததைக் கணக்கேட்டைக் கொண்டு கண்டறிதல் இயலாது. எனவே தூசியை ஆராயும் முறை முக்கியத்துவம் பெற்றது.

பரிசோதகர்கள் பருத்தித் துணியினால் சுவர்களையும் பொறிகளையும் துடைத்தெடுப்பர். அதில் ஒட்டும் ஒரு மைக்ரோமீற்றர் விட்டமுள்ள துணிக்கையின் திணிவு, ஒரு கிராமின் இலட்சம் கோடியில் சில பங்கே. எனினும் திணிவு நிறமாலைமானி அதிலுள்ள யுரேனியம்-235இன் விகிதத்தைக் காட்டிவிடும். இயற்கை யுரேனியத்தில் அது ஏறத்தாழ 0.7 சதவீதம், ஆயுதத்துக்குரியதில் ஏறத்தாழ 90 சதவீதம்.

இத்துணை நுண்மையில் ஆய்வுகூடத்தின் சொந்தத் தூசியே பொய்ச்சாட்சியாகிவிடலாம். இதனாலேயே 1990களின் நடுப்பகுதியில் ஒஸ்திரியாவின் சைபர்ஸ்டோர்ப்பில் தூய ஆய்வுகூடம் உருவாயிற்று. மாதிரிகள் ஐக்கிய அமெரிக்கா, ரஷ்யா, பிரித்தானியா, பிரான்ஸ், யப்பான் முதலிய நாடுகளின் ஆய்வுகூடங்களுக்கும் அனுப்பப்படலாயின. மாதிரி எந்நாட்டினது என்பதை அளப்பவர் அறியார். அவர் காண்பது குறியீட்டெண் ஒன்றையே. உண்மை இங்கு தனியொருவரின் கண்டுபிடிப்பன்று, கூட்டுழைப்பின் விளைவு.

இக்கூட்டுழைப்பின் பெறுமதியை ஈரான் விவகாரம் காட்டிற்று. 2003இல் நத்தான்ஸ் மாதிரிகளில் உயர்செறிவு யுரேனியத் துணிக்கைகள் காணப்பட்டன. அவை வெளிநாட்டு உறுப்புக்களோடு வந்தவை என்றது ஈரான். 2005இல் பாக்கிஸ்தான் அனுப்பிய மையநீக்கி உறுப்புக்கள் ஆராயப்பட்டன. பெரும்பாலான துணிக்கைகளைப் பொறுத்தவரை முடிவுகள் ஈரானின் கூற்றுக்கே ஆதரவாயிருந்தன. ஈரான் முன்னர் மறைத்த பணிகளை இது நியாயப்படுத்திவிடவில்லை. ஆயினும் குற்றச்சாட்டுக்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட அதே தூசியே அதன் எல்லையையும் வரையறுத்தது.

இங்கு ஒரு முரண்பாட்டை நாம் மறத்தலாகாது. 1945இல் ஹிரோஷிமாவை அழித்த குண்டின் யுரேனியத்தைச் செறிவூட்டுவதற்கு ஓக் ரிட்ஜில் பயன்பட்ட மின்காந்தப் பொறிகள், இதே திணிவு நிறமாலைமானியின் தத்துவத்திலேயே இயங்கின. குண்டை ஆக்கிய அறிவே இன்று காவலும் புரிகின்றது. ஆனால் 1970இல் நடைமுறைக்கு வந்த அணுவாயுதப் பரவற்றடை ஒப்பந்தம், ஆயுதமற்ற நாடுகளின் அணுப்பொருள் முழுவதையும் கண்காணிப்புக்கு உட்படுத்தியபோதிலும், ஐந்து அணுவாயுத வல்லரசுகளின் இராணுவ இருப்புக்களை வெளியே விட்டுவிட்டது. பிறர் தூசியை அளப்போரின் களஞ்சியங்கள் அளக்கப்படுவதில்லை.

குறை அளவீட்டில் அன்று. அளவீட்டுக்கு அதிகாரம் இட்ட எல்லையிலேயே உள்ளது. ஆதலின் நாம் கோரவேண்டியது இவ்விஞ்ஞானத்தின் நிராகரிப்பை அன்று. அது எல்லாக் களஞ்சியங்களுக்கும் விரிவதையே.