324-ம் 327-ம்

பல்கலைக்கழக கிரிக்கெட்டுக்காக இன்று யாரும் டிவியைப் போடப் போவதில்லை. ஆனால் ஒரு காலத்தில் இந்திய அணிக்குள் நுழைய அதுவும் ஒரு வாசல்.

பம்பாயைச் சேர்ந்த ஏ.டி. பாரியா, தன் மகன் ரோஹின்டன் பெயரில் 1935-ல் கிரிக்கெட் வாரியத்துக்கு ஒரு கோப்பை கொடுத்தார். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி அப்படித்தான் ஆரம்பித்தது. சில வருடங்களில் பல்கலைக்கழகங்களின் சொந்த விளையாட்டு வாரியமே அதை எடுத்து நடத்தத் தொடங்கியது.

1958-59-ல் பம்பாய் பல்கலைக்கழகத்துக்காக டெல்லிக்கு எதிராக 324 ரன் எடுத்தார் அஜித் வாடேகர். 1970-ல் குஜராத்துக்கு எதிராக 327 அடித்து அதைத் தாண்டிய பையன் சுனில் கவாஸ்கர். சில மாதங்களில், 1971-ல், மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கிளம்பிய அணியில் அந்தப் பையனும் இருந்தார். கேப்டன் யார் தெரியுமா? அதே வாடேகர்! அந்தத் தொடரில் 4 டெஸ்டில் கவாஸ்கர் குவித்தது 774 ரன்.

வாடேகர் ஸ்டேட் பேங்க் அதிகாரி (நம்ம ஜாதி!). படிப்பு, ஆட்டம், பேங்க் வேலை எல்லாம் அவருக்கு ஒரே வண்டியில் ஓடின. இதையெல்லாம் வாய் கிழியப் பேசும் நான்தான், பையன் பத்தாம் வகுப்புக்கு வந்ததும் அவன் பேட்டை எடுத்துப் பரணில் போட்டவன்.