ஹெரால்டு, கஸெல், 2000: மெட்ராஸ் மறந்துபோன கார் கம்பெனி

அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரம், செங்கல்பட்டு வழியாகத் தாம்பரம் போகும் ரயில் பாதையில் தமிழ்நாட்டு மோட்டார் தொழிலின் பாதி வரலாறு அடங்கிவிடும். அரக்கோணத்தை ஒட்டிய இச்சிபுத்தூரில் எம்.ஆர்.எஃப் டயர் ஆலை. செங்கல்பட்டைத் தாண்டினால் மறைமலை நகர். ஃபோர்டு 1999-ல் வந்து 2022-ல் கார் உற்பத்தியை நிறுத்திய ஊர். இன்னும் கொஞ்சம் வடக்கே போனால் வண்டலூர், பெருங்களத்தூர். ஜி.எஸ்.டி ரோடு ஓரமாக உயர உயரமாய் ஐ.டி. கட்டிடங்கள் நிற்கின்றன. அந்த இடத்தில்தான் ஹூண்டாய்க்கும் ஃபோர்டுக்கும் பல வருடங்களுக்கு முன்பே கார் செய்து விற்ற ஒரு மெட்ராஸ் கம்பெனி இருந்தது. பெயர் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா.

அம்பாசிடர் என்றால் எல்லோருக்கும் தெரியும். பிரீமியர் பத்மினி என்றால் பம்பாய் டாக்சி உடனே கண்முன் வரும். ஆனால் அதே காலத்தில் இந்தியாவில் கார் செய்த மூன்றாவது கம்பெனியை, அதுவும் நம்ம ஊர்க் கம்பெனியை, எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது?

இங்கிலாந்தின் காவன்ட்ரி நகரில் 1903-ல் தொடங்கியது ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி. அவர்களும் மெட்ராஸைச் சேர்ந்த யூனியன் கம்பெனியும் சேர்ந்து 1948-ல் இந்தியக் கம்பெனியை ஆரம்பித்தார்கள். முதலில் வந்தது ஸ்டாண்டர்டு வான்கார்டு. உருண்ட முதுகுடன் பார்ப்பதற்கு ஆமை மாதிரி இருக்கும். அதன் இன்ஜினைக் கொஞ்சம் நினைவில் வைத்துக் கொள்ளுங்கள், கதையின் கடைசியில் அது திரும்ப வரும்!

1953-ல் டாரிஃப் கமிஷன் ஒரு அறிக்கை கொடுத்தது. பெட்டியில் உதிரிபாகங்களை இறக்குமதி செய்து இங்கே பூட்டி மட்டும் விற்பவர்களுக்கு இனி இடமில்லை, படிப்படியாக எல்லாவற்றையும் இங்கேயே செய்பவர்களுக்குத்தான் அனுமதி என்பது அதன் சாரம். ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின. கார் தொழிலில் மிஞ்சியவர்கள் கல்கத்தா பக்கம் ஹிந்துஸ்தான், பம்பாயில் பிரீமியர், மெட்ராஸில் ஸ்டாண்டர்டு. மூவரில் சிறியது நம்மவர்தான். வான்கார்டுக்குப் பிறகு ஸ்டாண்டர்டு 8, ஸ்டாண்டர்டு 10 என்று சின்னக் கார்கள் வந்தன. எட்டு ரொம்பவே சிக்கனம். இங்கிலாந்தில் வந்த முதல் எட்டில் டிக்கிக்கு வெளியே கதவே கிடையாது! பின்சீட்டை மடித்து உள்ளே இருந்துதான் பெட்டியை வைக்க வேண்டும்.

1961-ல் வந்தது ஹெரால்டு. இங்கிலாந்தில் அதன் பெயர் டிரையம்ப் ஹெரால்டு. 1940-களிலேயே டிரையம்பை ஸ்டாண்டர்டு வாங்கியிருந்தது. காரின் உருவத்தை வரைந்தவர் ஜியோவானி மிகெலோட்டி. ஃபெராரி, மசெராட்டி போன்ற கார்களுக்கு உடல் வரைந்த அதே இத்தாலியர்தான்! இன்றைக்கு சூப்பர் கார் படங்களைச் சுவரில் ஒட்டி வைப்பவர்களுக்கு இந்தத் தொடர்பு தெரிந்தால் பழைய ஹெரால்டைப் பார்க்கும் பார்வையே மாறும். அம்பாசிடர் பானை என்றால் ஹெரால்டு காகிதத்தை மடித்துச் செய்தது போல் கூர்மையாக இருக்கும். பானெட்டும் முன்பக்க மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்னால் சாயும். இன்ஜின், முன்சக்கரம் எல்லாம் மெக்கானிக்கின் கைக்கு எட்டும். சுமார் 25 அடி வட்டத்துக்குள் வண்டியைத் திருப்பி விடலாம். சந்துகள் நிறைந்த ஊர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இந்தக் காருக்குத் தனிச் சேஸிஸ் இருந்ததற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. அந்தக் காலத்தில் மற்ற கம்பெனிகள் உடலையும் சேஸிஸையும் ஒன்றாக வெல்டு செய்யத் தொடங்கி விட்டன. ஸ்டாண்டர்டுக்கு உடல் செய்து கொடுத்து வந்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953-ல் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. முழு உடலைச் செய்ய ஆளில்லாததால் துண்டு துண்டாகச் செய்து சேஸிஸ் மேல் போல்ட் போட்டு முடுக்கும் வழிக்குப் போனார்கள். அங்கே வேறு வழியில்லாமல் செய்தது பெருங்களத்தூருக்கு வசதியாகிப் போனது. பெரிய பிரஸ் இயந்திரங்கள் இல்லாத தொழிற்சாலைக்கு ஏற்ற கார் இது. 1960-களிலேயே பெரும்பாலான பாகங்கள் இங்கேயே தயாராக ஆரம்பித்தன.

குறை இல்லாமல் இல்லை. பின்சக்கரங்கள் இரண்டும் தனித்தனியாக ஆடும் 'ஸ்விங் ஆக்ஸில்' அமைப்பு நம் ஆட்களுக்குப் பிடிக்கவில்லை. வேகமாக வளைவில் திருப்பினால் பின்சக்கரம் உள்பக்கம் மடிந்து கொள்ளும். இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு 1147 சி.சி., பிறகு 1296 சி.சி. என்று இன்ஜின் வளர்ந்தது. இங்கே கடைசி வரை 948 சி.சி. தான்.

ஆனாலும் மெட்ராஸ்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு எப்போதும் இரண்டு கதவுதான். முன்சீட்டை மடக்கிப் பாட்டியைப் பின்னால் ஏற்றுவது நம் குடும்பங்களில் நடக்கிற காரியமா? 1968-ல் நான்கு கதவு ஹெரால்டு வந்தது. உலகத்தில் வேறெங்கும் கிடைக்காத ஹெரால்டு அது! 1970-களின் தொடக்கத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், முன்பக்கமும் பின்பக்கமும் புதிதாக வரைந்து, ஸ்விங் ஆக்ஸிலைக் கழற்றிவிட்டு சாதாரண ஆக்ஸில் போட்டு, 'கஸெல்' என்று பெயர் வைத்து விற்றார்கள். அம்பாசிடர்காரர்கள் கிரில்லை மாற்றிக்கொண்டிருந்த காலத்தில், மூன்று பேரில் மிகச் சிறிய கம்பெனிதான் சொந்தமாக யோசித்தது. இதைச் சொல்லாமல் இந்தியக் கார் வரலாறு எழுதுவது நியாயமே இல்லை.

நேரம்தான் சரியில்லை. 1969-ல் அரசாங்கம் கார் விலையையே கட்டுப்படுத்தியது. விவகாரம் சுப்ரீம் கோர்ட் வரை போனது. 1973-ல் பெட்ரோல் விலை ஏறியது. சின்னக் கம்பெனி தாங்குமா? 1970-களின் பிற்பகுதியில் கஸெல் நின்றது. வேன் மட்டும் செய்து காலம் தள்ளினார்கள்.

இதற்கிடையில் இங்கிலாந்தில் ஒரு வேடிக்கை நடந்திருந்தது. டீலக்ஸ் மாடல்கள் பெருகப் பெருக 'ஸ்டாண்டர்டு' என்றாலே மட்டமான மாடல் என்று அர்த்தம் ஆகிவிட்டது. 1963-ல் அந்தப் பெயரையே கைவிட்டார்கள். சொந்த ஊரில் செத்துப்போன பெயர் பெருங்களத்தூரில் இன்னும் 25 வருடம் உயிரோடு இருந்தது.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது, விலை 47,500 ரூபாய். பழைய கம்பெனிகள் பதறிப்போய்ப் பெரிய கார் பக்கம் திரும்பின. ஹிந்துஸ்தான் கான்டெசாவையும், பிரீமியர் 118 என்.இ.-யையும் கொண்டு வந்தன. ஸ்டாண்டர்டின் பதில் எல்லாவற்றையும் விடப் பிரமாதம். ரோவர் எஸ்.டி.1! இங்கிலாந்தில் 1976-ல் வந்து, அடுத்த வருடமே ஐரோப்பாவின் சிறந்த கார் விருது வாங்கியது. டேவிட் பேச் அதன் முகத்தை வரைந்தபோது மனதில் இருந்தது ஃபெராரி டேட்டோனா. அந்த முகம் 1985-ல் 'ஸ்டாண்டர்டு 2000' என்ற பெயரில் பெருங்களத்தூரிலிருந்து வெளியே வந்தது. விலை இரண்டு லட்சத்துக்கு மேல்.

பானெட்டைத் திறந்தால்தான் கதை தெரியும். ரோவருக்குப் பெருமை தேடித் தந்த வி8 இன்ஜின் உள்ளே இல்லை. நினைவில் வைக்கச் சொன்ன அந்த வான்கார்டு இன்ஜின், 1940-களில் பிறந்தது, 1991 சி.சி. அளவில் உட்கார்ந்திருந்தது! அந்த இன்ஜின் ஒன்றும் கேவலமானது அல்ல. ஃபெர்குசன் டிராக்டரில் வயல் உழுதிருக்கிறது, டிரையம்ப் டி.ஆர்.2 ஸ்போர்ட்ஸ் காரில் பறந்திருக்கிறது. ஆனால் 1985-ல், அவ்வளவு எடையுள்ள காரை இழுக்க? வேகமும் இல்லை, மைலேஜும் இல்லை. நம் ரோட்டுக்காக வண்டியை உயர்த்தியதில் தாழ்ந்து பதுங்கிய அந்த அழகும் போயிற்று. கம்பெனி சொன்ன மைலேஜ் கணக்கை அரசாங்கத் தரப்பு ஏற்காமல் வேறு பிரச்சினை கிளம்பியது. உடலுக்குச் செலவழித்தவர்கள் இதயத்தில் மிச்சம் பிடித்தார்கள். இருபது வருடத்துக்கு முன் நான்காவது கதவு தேவை என்று புரிந்துகொண்ட கம்பெனியா இது என்று கேட்கத் தோன்றுகிறது.

1988-ல் தொழிற்சாலை மூடப்பட்டது. அம்பாசிடர் 2014 வரை ஓடியது. மாறாமலே இருந்தவர் அதிக நாள் வாழ்ந்தார்.

பூட்டிய தொழிற்சாலைக்குள் பல வருடங்கள் எஸ்.டி.1 உதிரிபாகங்கள் அப்படியே கிடந்தன. இங்கிலாந்திலோ ரோவர் எஸ்.டி.1-க்குப் பழங்கார் ஆர்வலர்கள் பெருகி, பாகம் கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ரிம்மர் பிரதர்ஸ் என்ற இங்கிலாந்து உதிரிபாகக் கம்பெனி அந்தச் சரக்கை வாங்கிக்கொண்டு போனது. மெட்ராஸில் விலை போகாத ரோவர் பாகங்கள், ரோவர் பிறந்த ஊருக்கே திரும்பக் கப்பல் ஏறின.