"எங்கள் காவலில் இல்லை"

முப்பது வருஷம் கோப்புகளோடு மாரடித்தவன் நான். ஓர் அரசுக் கடிதம் கைக்கு வந்தால், அதில் எதை எழுதாமல் விட்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் பார்ப்பேன். அந்தப் பழக்கத்தோடு கேரளத்து ராஜன் வழக்கை அண்மையில் மறுபடி படித்தேன். நம் வயதுக்காரர்களுக்கு அந்தப் பெயர் நினைவிருக்கும்.

நெருக்கடிநிலைக் காலம். காயண்ணா காவல் நிலையத்தை நக்சலைட்டுகள் தாக்கியதையொட்டி போலீஸ் வலை வீசியது. 1976 மார்ச் 1 அன்று கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரி மாணவர் பி. ராஜனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கல்லூரி முதல்வர் அதைக் கடிதமாக எழுதித் தகப்பனாருக்குத் தெரிவித்தார். தகப்பனார் ஈச்சர வாரியர் ஓர் இந்திப் பேராசிரியர். பார்க்காத அதிகாரி இல்லை, போடாத மனு இல்லை. பையன் எங்கே என்பதற்கு மட்டும் பதில் இல்லை.

நெருக்கடிநிலை நீங்கிய கையோடு, 1977 மார்ச்சில் அவர் கேரள உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். அப்போதுதான் அரசுத் தரப்பின் பதில் எழுத்தில் வந்தது: ராஜன் கைது செய்யப்படவே இல்லை.

இந்த வாசகத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படித்துப் பாருங்கள். ஒருவரைக் கைது செய்தால் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால், காகிதத்தைப் பொறுத்தவரை கைது என்பதே கிடையாது. ஆக, அந்தப் பதில் காகிதத்தைப் பற்றியது. தகப்பனார் கேட்டதோ ஆளைப் பற்றி.

நீதிபதிகள் சுப்பிரமணியன் போற்றியும் காலித்தும் காகிதத்தோடு நிற்கவில்லை. ராஜனைக் கூட்டிப் போனதைக் கண்டவர்கள் இருந்தார்கள். கக்கயம் முகாமில் அவரைப் பார்த்தவர்களும் இருந்தார்கள். முதல்வரின் சாட்சியமும் இருந்தது. போலீஸ் அவரைக் கொண்டுபோனது உண்மை என்று முடிவு செய்து, ஏப்ரல் 13 அன்று, ஆளைக் கொண்டுவந்து நிறுத்துங்கள் என்று உத்தரவிட்டார்கள்.

நிறுத்த ஆள் இல்லை. காவலில் எடுக்கவே இல்லை என்று சாதித்த தரப்பே, பிறகு அவர் காவலில் இறந்துவிட்டதாக ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. நெருக்கடிநிலையில் உள்துறை அமைச்சராக இருந்த கருணாகரன் அப்போது முதலமைச்சர். பதவியேற்று ஒரே மாதத்தில், ஏப்ரல் 25 அன்று, ராஜினாமா செய்தார். போலீஸ் அதிகாரிகள் மீதான வழக்கு நம் கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டது. ஆனால் கொலைக்காக யாரும் தண்டனை அனுபவிக்கவில்லை. உடலும் இன்றுவரை கிடைக்கவில்லை.

பத்திரிகையில் "விசாரித்து வருகிறோம்", "எங்கள் பதிவேட்டில் அப்படி யாரும் இல்லை" என்று போலீஸ் சொன்னதாகப் படித்தால், இந்த வழக்கை நினைத்துக்கொள்ளுங்கள். பதிவேட்டில் இல்லை என்றால், பதிவேட்டில் இல்லை என்று மட்டுமே பொருள். அந்த முதல்வர் எழுதிய கடிதம் போல யாரோ ஒருவர் கண்டதைக் கண்டபடி எழுதிவைத்தால்தான் பிற்பாடு உண்மைக்கு ஒரு பிடி கிடைக்கும்.

வாரியர் 2006-இல் காலமானார். பையன் எந்த நேரத்திலும் பசியோடு வந்துவிடலாம் என்று, அவனுக்காக ஓர் இலையும் சோறும் எடுத்துவைக்கச் சொல்வாராம் மனைவியிடம்.