முக்காட்டு அங்கியின் வரலாறு

கற்பனைக் கதைகளில் வரும் வழிப்போக்கர்களைப் போல, தலையை மூடும் முக்காட்டோடு கூடிய நீண்ட மேலங்கியை வீட்டிலேயே தைத்து அணியும் ஆர்வம் இன்று மேலை நாடுகளில் பலரிடம் காணப்படுகிறது. கத்தோலிக்க எழுத்தாளர் டோல்கீன் படைத்த 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' 2001 முதல் 2003 வரை திரைப்படங்களாக வெளிவந்து இவ்வார்வத்தை வளர்த்தது. அரைவட்டமாக வெட்டிய கம்பளித் துணி, கழுத்தோரத்தில் இணைத்த ஒரு முக்காடு: இவ்வளவே அதன் அமைப்பு. ஆயினும் இந்த எளிய ஆடைக்குப் பின்னே ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டு வரலாறு உண்டு.

கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமை வேளாண் நூலாசிரியர் கொலுமெல்லா, பண்ணை அடிமைகளுக்கு முக்காட்டு அங்கி வழங்குமாறு நிலக்கிழார்களுக்கு அறிவுரை கூறினார். காரணத்தையும் அவரே எழுதினார். அங்கி இருந்தால், எத்துணைக் கொடிய வானிலையிலும் அவர்கள் வெட்டவெளியில் ஏதேனும் வேலை செய்ய இயலுமாம்! குளிரைத் தடுத்த அதே துணி அடிமையின் ஓய்வையும் தடுத்தது.

உழைப்பாளியின் இவ்வுடையையே துறவிகள் தமதாக்கிக் கொண்டனர். எகிப்தியப் பாலைவனத் துறவியர் அணிந்த சிறு முக்காடு குழந்தைகளின் மாசற்ற தன்மையை நினைவூட்டுவது என்று கசியான் விளக்கினார். ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தம் ஒழுங்குநூலின் 55ஆம் அதிகாரத்தில் ஒவ்வொரு துறவிக்கும் இரண்டு உள்ளங்கிகளும் இரண்டு முக்காட்டு அங்கிகளும் போதும் என்றார். குளிர்காலத்திற்குத் தடித்தது, கோடைக்கு மெல்லியது. துணியின் நிறத்தையும் முரட்டுத்தன்மையையும் பற்றி முணுமுணுக்கலாகாது. அந்தந்த நாட்டில் மலிவாகக் கிடைப்பதே ஏற்றது. ஆனால் அங்கி அணிபவருக்குக் குட்டையாக இராமல் அளவாக இருக்கிறதா என்று மடத்தின் தலைவரே கவனிக்க வேண்டும். புதியது பெறுபவர் பழையதை ஏழைகளுக்கெனத் திருப்பித் தர வேண்டும். நிலக்கிழார் வேலையை எண்ணி வழங்கியதை மடத்தின் தலைவர் மனிதரை எண்ணி வழங்கினார். ஒரே அங்கி, நோக்கங்கள் இரண்டு.

பதினாறாம் நூற்றாண்டில் இம்முக்காடு ஒரு மறுமலர்ச்சியின் அடையாளமாயிற்று. 1525இல் பிரான்சிஸ்கன் துறவி பாசியோ நகர் மத்தேயு, அசிசியாரின் எளிமைக்குத் திரும்ப விரும்பிக் கூரிய நீண்ட முக்காட்டை அணிந்தார். 1528இல் திருத்தந்தை ஏழாம் கிளமெண்ட் இவ்வியக்கத்திற்கு ஒப்புதல் அளித்தார். முக்காட்டைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லாலேயே மக்கள் இவர்களைக் 'கப்புச்சின்' என்று அழைத்தனர். 1642இல் சென்னைக்கு வந்த எப்ரேம் தெ நெவேர் அடிகளார் இச்சபையைச் சேர்ந்தவரே.

துறவற மடங்களுக்கு வெளியே, இல்லங்களில் தைக்கப்பட்ட முக்காடுகள் எப்படி இருந்தன? இதற்கு விடை தருவது கிரீன்லாந்தின் தென்முனையிலுள்ள ஹெர்யோல்ஃப்ஸ்னெஸ் கல்லறைத்தோட்டம். டென்மார்க்கின் அறிஞர் பால் நோர்லுண்ட் 1921இல் அங்கு அகழ்ந்தபோது, உறைந்த மண் பல நூற்றாண்டுகளாகக் காத்து வைத்திருந்த உடைகள் வெளிப்பட்டன. சவப்பெட்டிக்கு மரம் அரிதான அந்நாட்டில், இறந்தோர் பலரை அவர்கள் உடுத்திப் பழகிய ஆடைகளிலேயே பொதிந்து அடக்கம் செய்திருந்தனர். அவற்றுள் பல முக்காடுகளும் இருந்தன. சில பின்புறம் வால்போல் நீண்டு தொங்குபவை. தம் ஆடுகளின் உரோமத்தை நூற்று, வீட்டுத் தறியில் பெண்கள் நெய்த துணி அது. தோளில் படிந்து விரியும்பொருட்டு, முக்கோணத் துண்டுகளை இடையிடையே சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். குழந்தைகளின் உடைகளும் கிடைத்தன. தேய்ந்தவையும் ஒட்டுப்போட்டவையும் உண்டு.

அக்குடியேற்றம் பதினைந்தாம் நூற்றாண்டில் மறைந்தது. அங்கிருந்து கிடைக்கும் கடைசி எழுத்துச் சான்று 1408இல் ஹ்வால்சே ஆலயத்தில் நடந்த ஒரு திருமணத்தைப் பற்றியது. தைத்தவர்களின் பெயர்கள் நமக்கு எட்டவில்லை, தையல் எட்டியிருக்கிறது. கோபன்ஹேகன் தேசிய அருங்காட்சியகம் காத்துவரும் இவ்வாடைகளின் வெட்டு வரைபடங்கள் 2011இல் நூலாக வெளிவந்தன. இன்று வீட்டில் முக்காட்டு அங்கி தைப்போர் அவற்றைப் பின்பற்றித் துணி வெட்டுகின்றனர்.

விழாவுக்காக ஓர் இளைஞர் தைக்கும் அங்கியை வெறும் வேடம் என்று நாம் எளிதில் ஒதுக்கிவிடலாம். ஆனால் துணியை வெட்டுமுன் அவர் ஒருவரின் தோளை அளக்கிறார். தலையின் சுற்றளவைக் குறிக்கிறார். ஒருவருக்கு உடை கொடுப்பது எளிது. அவருடைய அளவை அறிந்து கொடுப்பதில்தான் அவரை மனிதராக மதிக்கும் அன்பு தொடங்குகிறது.