செந்நிலமும் மனநிலையும்: கோகனின் ஓவியமொன்று

புல்வெளி பச்சையாயிருத்தல் இயற்கை. ஆனால், 1888ஆம் ஆண்டிலே பிரான்சின் பிரித்தனிப் பகுதியிலுள்ள பொந்தாவன் என்னும் ஊரிற் போல் கோகன் தீட்டிய ‘பிரசங்கத்தின் பின்னரான காட்சி’ என்ற ஓவியத்திலே நிலம் முழுவதும் சிந்தூரச் செம்மையாகக் காணப்படுகின்றது. இச்செம்மை யாருடைய மனநிலையைப் புலப்படுத்துகின்றது என்பதே ஈண்டு எழும் வினாவாகும்.

ஓவியத்தின் முன்புறத்தில் வெண்ணிறத் தலையணியும் கருநிற ஆடையும் பூண்ட கிராமப் பெண்கள் செபத்தில் ஆழ்ந்துள்ளனர். குறுக்கே சாய்ந்த மரமொன்று தளத்தை இரண்டாகப் பிரிக்கின்றது. அதற்கப்பால் யாக்கோபு தேவதூதனுடன் மற்போர் புரிகின்றான். இப்பாலுள்ள பசுவோ இயல்பிற்கு மாறாக மிகச் சிறியது. நிழலும் தூரமும் பெரிதும் நீக்கப்பட்டு, நிலம் தட்டையான நிறப்பரப்பாகிவிடுகின்றது. யப்பானிய மர அச்சோவியங்களின் செல்வாக்கினை இங்கு காணலாம்.

சிவப்பு சினத்தின் குறியீடு எனப் பொதுவிதி கூறி அமைதல் பொருந்தாது. அந்நிலமும் போரும் பிரசங்கங் கேட்டோரின் கற்பனையில் மட்டுமே உள்ளன எனக் கோகன் வின்சென்ற் வான் கோவுக்கு எழுதினார். எனவே, அது மண்ணின் நிறமன்று. கேட்ட சொல்லாற் கனன்ற உள்ளத்தின் நிறமாகும். பெண்களின் அசைவற்ற கருமையும் வெண்மையும் அருகே அமைந்தமையாலேயே அக்கனல் மேலும் வலுப்பெறுகின்றது. கண் கண்ட ஒளியைத் தீட்டிய மனப்பதிவுவாதிகளிடமிருந்து கோகன் விலகியது இவ்விடத்திலேயாம்.

ஆயினும், ஓவியனின் கூற்றே இறுதி விளக்கமாகிவிடாது. அருகிலிருந்த நிசோன் தேவாலயத்துக்கு இவ்வோவியத்தைக் கோகன் வழங்க முன்வந்தபோது பங்குக்குரு அதனை ஏற்க மறுத்தார். 1891இல் விமர்சகர் அல்பேர் ஓரியே இதனைக் குறியீட்டு ஓவியத்தின் முன்மாதிரியாகப் போற்றினார். அதே ஆண்டிற் கமில் பிசாரோ தம் மகனுக்கு எழுதிய கடிதத்திற் சிந்தூரப் பின்னணியைக் குறைகூறவில்லை. நவீன சமூகச் சிந்தனையைக் கைவிட்டுச் சமய மறைபொருளை நாடியமையையே கண்டித்தார்.

ஒரே செந்நிறம் ஒருவர்க்குப் பக்தியாகவும், பிறிதொருவர்க்குப் புதுமையாகவும், மற்றொருவர்க்குப் பின்னடைவாகவும் தோன்றியது. இவர்களுள் அக்கிராமப் பெண்கள் எவருமிலர். பாரிஸ் நகரிற் பங்குத் தரகராயிருந்து ஓவியரான கோகன், அவர்களிடத்து நாட்டுப்புற எளிமையையும் மூடநம்பிக்கையையும் கண்டதாகவே எழுதினார். ஆதலின், இச்செம்மையை அப்பெண்களின் உள்ளம் எனக் கொள்வதினும், அவர்தம் உள்ளம் பற்றி நகரத்துக் கலைஞனொருவன் கொண்ட கற்பனை எனக் கொள்வதே வரலாற்று நோக்கிற்கு ஏற்புடைத்தாகும்.