'துல்லியம்'னா என்ன? சொல்லுக்குள் இருக்கும் தராசு!

'துல்லியமா சொல்லுங்க' என்று அடிக்கடி கேட்கிறோம். இந்தச் சொல் எங்கிருந்து வந்தது, சரியான பொருள் என்ன?

சொல்லின் வேர்: வடமொழியில் 'துலா' என்றால் தராசு. அதிலிருந்து வந்த 'துல்ய' என்பதற்குச் சமம் என்று பொருள். அதுவே தமிழில் 'துல்லியம்' ஆனது. துலாம் ராசியில் இருப்பதும் இதே தராசுதான்.

அறிவியலில்: உண்மையான அளவுக்கு நெருக்கமாக இருப்பது துல்லியம். எத்தனை முறை அளந்தாலும் ஒரே விடை வருவது நுட்பம். இரண்டும் ஒன்றல்ல.

உதாரணம்: 950 கிராம் தக்காளியை வைக்கும்போதெல்லாம் தராசு '1.000 கிலோ' என்றே காட்டுகிறதா? நுட்பம் இருக்கு, துல்லியம் இல்லை. புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம் தெரிந்தாலும், உங்களுக்கு 50 கிராம் நஷ்டம்தான்.

என்ன செய்யலாம்? எடை போடும் முன் தராசு பூஜ்ஜியம் காட்டுகிறதா என்று பாருங்க. கடைகளில் உள்ள மின்னணுத் தராசுகளுக்கு ஆண்டுதோறும் சோதனை செய்து முத்திரை பெற வேண்டும் என்பது விதி. தமிழ்நாட்டில் முத்திரை இல்லாத தராசு பற்றித் தொழிலாளர் துறையிடம் புகார் அளிக்கலாம்.